விரிசலுக்கு வைத்த சாட்சி

கல் உடைக்கிற குன்றான ஓணாங்கரட்டின் அடியில் நாற்பத்து மூன்று வீடுகளும் ஒரு குழாயும் ஒரு டீக்கடையும் இருந்த காலத்தில், இருளாயிக்கு ஆஸ்பத்திரி போகும் வழியில் ஆம்புலன்சிலேயே வலி முற்றி, வெளியே வந்த பெண் குழந்தை அழுவதற்குப் பதிலாக வாயைத் திறந்து, கூட்டத்தில் ஆளை விலக்கிவிடுகிற பெரிய மனுஷர் மாதிரித் தெளிவாக, "பொறுங்க" என்றது. டிரைவர் பிரேக்கை மிதித்துவிட்டான். மிதித்த அதே நொடி, வளைவில் ஹாரன் அடிக்காமல் வந்த ஜல்லி லாரி ஒன்று, ஆம்புலன்ஸ் இருந்திருக்க வேண்டிய இடத்தின் மேலே ஏறி இறங்கிப் போனது. நர்ஸ் தொப்புள்கொடியைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள், பிறகு வெட்டினாள். டிரைவர் இறங்கி ஒண்ணுக்குப் போய்விட்டு வந்து வண்டியை எடுத்தான். அவ்வளவுதான் நடந்தது.

பிறந்த பிள்ளை பேசியதைப் பற்றி கரட்டடியில் யாரும் வாயைப் பிளக்கவில்லை. டீக்கடை நாகம்மா, "வண்டியில பொறந்துச்சு, வண்டிக்காரன்கிட்ட பேசிருக்கு. வீட்ல பொறந்திருந்தா மாமியாக்காரிகிட்ட பேசிருக்கும்" என்றாள். பிள்ளை 'பொறு' என்று சொல்லாமல் 'பொறுங்க' என்று சொன்னதுதான் எல்லாருக்கும் பெரிசாகப் பட்டது. "மூணாப்பு படிக்கிற எம்மவன் என்னைய வாடி போடிங்கிறான், பொறந்து ஒரு நிமிசம் ஆவல, இதுக்கு எம்புட்டு மரியாதி பாருங்க" என்று ஒருத்தி கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

பிள்ளைக்கு அந்த ஒரு வார்த்தைதான் வந்தது. ஒரு மாதத்திலும் அதுதான், ஆறு மாதத்திலும் அதுதான், பல் முளைத்த பிறகும் அதுதான்.

மேஸ்திரி தவசியின் விஷயம் நடக்கிறவரை அதை ஒரு வேடிக்கையாகத்தான் வைத்திருந்தார்கள். பாறையில் குழி போட்டு மருந்து வைத்துத் திரி பற்றவைத்தும் வெடிக்காமல் போகிற குழிக்கு ஊமைக்குழி என்று பேர். ரெண்டு பீடி முழுசாகக் குடித்து முடிக்கிறவரை ஊமைக்குழிப் பக்கம் யாரும் போகக் கூடாது என்பது கரட்டு வழக்கம். தவசி ஒரு பீடியோடு எழுந்துவிட்டார். அந்த நேரம் பார்த்து இருளாயி கஞ்சி வாளியோடு பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள், பிள்ளை அவரைப் பார்த்து "பொறுங்க" என்றது, அவர் சிரித்துக்கொண்டே உட்கார்ந்தார், குழி வெடித்தது. அவர் நின்றிருக்க வேண்டிய இடத்தில் ஆட்டுக்கல் அளவு பாறை ஒன்று வந்து விழுந்தது. ரெண்டாவது பீடியைக் குடித்திருந்தாலும் அவர் பிழைத்திருப்பார். வழக்கம் சொன்னதைத்தான் பிள்ளையும் சொன்னது. இதை ஒருத்தரும் சொல்லவில்லை.

அன்றைக்குச் சாயங்காலமே தவசி மாலையோடும் தேங்காயோடும் வந்தார். அடுத்த வாரம் பிள்ளைக்குப் பொறுமைத்தாயி என்று பேர் விழுந்தது. இருளாயி வைத்த பேர் பஞ்சு, அந்தப் பேரைச் சொல்லி அவளும் அவள் புருஷன் சோணையும் தவிர வேறு யாரும் கூப்பிடவில்லை.

அதன் பிறகு கரட்டடியில் தாயியைக் கேட்காமல் ஒரு உலை கொதிக்கவில்லை. பொண்ணைக் கட்டிக்கொடுக்கலாமா என்று கேட்டார்கள், பொறுங்க என்றது, பொறுத்தார்கள், மாப்பிள்ளைக்கு மேலூரில் ஏற்கெனவே ஒரு குடும்பம் இருப்பது தெரிந்தது, ஊரே குலவை போட்டது. கூரையைப் பிரித்து மேயலாமா என்று கேட்டார்கள், பொறுங்க என்றது, மறுநாள் மழை கொட்டியது, ஊர் மறுபடி குலவை போட்டது. நெஞ்சு வலிக்கிறது என்று மூக்கனைக் கொண்டுவந்து கிடத்தி, ஆஸ்பத்திரிக்குத் தூக்கலாமா தாயி என்றார்கள், பொறுங்க என்றது, பொறுத்தார்கள், மூக்கன் செத்துப்போனார். "தூக்கிட்டுப் போயிருந்தா ரோட்ல அநாதையாப் போயிருப்பாரு, வீட்ல சொந்த பந்தத்தோட போனாரு" என்று அவர் பெண்டாட்டியே சொன்னாள். பன்னிரண்டாவதில் நல்ல மார்க் எடுத்த பூமயில் நர்சிங் காலேஜுக்கு மனு போட வந்து நின்றாள். பொறுங்க என்றது, கடைசித் தேதி போனது, இப்போது அவள் தலையில் ஜல்லிக்கூடை இருக்கிறது. சரியாகப் போனதெல்லாம் ஊர் வாயில் கதையாக இருந்தது. தப்பாகப் போனதெல்லாம் அந்தந்த வீட்டுக்குள் விதியாக இருந்தது.

அவர்கள் அதை ஞானம் என்றார்கள். "படிச்சவன் நூறு வார்த்தை பேசுறான், ஒண்ணும் வெளங்கல. தாயி ஒரே வார்த்தையில முடிக்குது" என்றார் தவசி.

இருளாயிக்கு மட்டும் உண்மை தெரியும். பிள்ளை கோழியைப் பார்த்துப் பொறுங்க என்றது, சுவரைப் பார்த்துப் பொறுங்க என்றது, பால் குடிக்கும்போது ஒரு முலையிலிருந்து மறு முலைக்கு மாற்றினால் பொறுங்க என்றது, தூக்கத்தில் காற்றுப் பிரிந்தாலும் சொன்னது. அந்த வார்த்தை எங்கிருந்து வந்தது என்பதும் அவளுக்குத் தெரியும். சோணை கரட்டில் வெடிக்காரராக இருந்தவர். தினமும் நாலு மணிக்கு உச்சியில் சிவப்புத் துணியோடு நின்று, ரோட்டில் வருகிற போகிற ஜனத்தைப் பார்த்து, "பொறுங்க! பொறுங்க!" என்று கத்திவிட்டுத்தான் திரியைப் பற்றவைப்பார். ஏழு மாதம் வயிற்றோடு அவள் கீழே ஜல்லி உடைத்துக்கொண்டு அதைக் கேட்டாள். அவள் கேட்டதை உள்ளே இருந்ததும் கேட்டது. அப்புறம் சோணையின் நெஞ்சுக்குள் போயிருந்த கல்தூசி அவரைக் கட்டிலில் தள்ளியது, குரலும் போனது. அவரிடமிருந்து போன குரல் பிள்ளையிடம் வந்துவிட்டது, அதில் அவளுக்குப் புதிர் எதுவும் இல்லை.

தெரிந்தும் ஏன் சொல்லவில்லை என்றால், அதற்குக் காரணம் குழாய். சோணை இருமத் தொடங்கிய நாளிலிருந்து, சீக்காளி பொண்டாட்டி தொட்ட குழாயை நாங்கள் தொடுவதா என்று அவளைக் கடைசியில் நிறுத்தி வைத்திருந்தார்கள். நாற்பத்து இரண்டு வீட்டுக் குடமும் நிறைந்த பிறகு, தண்ணீர் நூலாக வடிகிற நேரத்தில்தான் அவளுடைய முறை வரும். பிள்ளை தாயியான பிறகு முதல் குடம் அவளுடையது. "தாயியப் பெத்த தாயி, முன்ன வாங்க" என்றார்கள். அவளுக்கு அது பிடித்திருந்தது. இதில் மறைக்க என்ன இருக்கிறது, பிடித்துத்தான் இருந்தது.

பிள்ளைக்கு ஒண்ணேகால் வயசாகும்போது ஐப்பசி மழை வந்தது. விட்டு விட்டுப் பெய்யவில்லை, பதினோரு நாளாகியும் விடாமல் ஒரே மூச்சாகப் பெய்தது. ஆட்டுக்குக் குழை ஒடிக்க மேலே ஏறிய இருளாயி, வீடுகளுக்கு நேர் மேலே, மழை கழுவிவிட்ட பாறையில், கறுப்பு நூல் ஒட்டினாற்போல் ஒரு விரிசல் ஓடுவதைப் பார்த்தாள். ஒரு முனை தவசி வீட்டுக்கு மேலே இருந்தது, மறுமுனை அவள் வீட்டுக்கு மேலே.

கீழே வந்து சோணையிடம் சொன்னாள். அவர் காற்றாகிவிட்ட குரலில், "சாட்சி வச்சியா?" என்று கேட்டார்.

கரட்டில் விரிசல் கண்டால் அதன் வாயில் ஒரு தீக்குச்சியை இறுக்கமாகச் செருகி வைப்பார்கள். அதற்குப் பேர் சாட்சி. பாறை அசையாமல் இருந்தால் குச்சி செருகின இடத்தில் நிற்கும். பாறை பிளந்துகொண்டிருந்தால் குச்சி உள்ளே விழுந்துவிடும். விழுந்துவிட்டால் யாரையும் எதையும் கேட்க வேண்டியதில்லை, சட்டி பானையைத் தூக்கிக்கொண்டு நகர்ந்துவிட வேண்டியதுதான். அப்பன் காலத்திலிருந்து செய்துவந்த இந்த வேலையை, பிள்ளை தாயியான பிறகு கரட்டடிக்காரர்கள் விட்டுவிட்டார்கள். தாயி இருக்கும்போது மழையில் வழுக்கி வழுக்கி மேலே ஏறுவானேன்?

இருளாயி மறுபடி ஏறி ஒரு தீக்குச்சியைச் செருகிவிட்டு வந்தாள். மறுநாள் போய்ப் பார்த்தபோது அதைக் காணோம். பிள்ளைகள் எழுதுகிற பல்பத்தை வைத்தாள். அதற்கு மறுநாள் அதையும் காணோம். பெருவிரல் தடியில் வேப்பங்குச்சி ஒடித்து அடித்து இறுக்கிவிட்டு, நேராகத் தவசி வீட்டுக்கு வந்தாள்.

"அண்ணே, மேல பொளந்துக்கிட்டிருக்கு. ரெண்டு சாட்சி விழுந்துருச்சு."

தவசி முகம் மாறியது. அவர் முட்டாள் இல்லை, முப்பது வருஷம் பாறையோடு கிடந்தவர். ஆனால் நகர்ந்தால் எங்கே போவது என்பதும் அவருக்குத் தெரியும். நாற்பத்து மூன்று வீடும் காண்ட்ராக்டர் இடத்தில் நிற்கிறது, யாரிடமும் ஒரு துண்டுக் காகிதம் கிடையாது, காலி செய்த மறுநாளே மெஷினை விட்டுக் குடைய அந்த ஆள் காத்திருக்கிறான். அதனால் தவசி கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்துவிட்டு, அவருக்கு எது வசதியோ அதைச் சொன்னார்.

"தாயிய ஒரு வார்த்த கேட்டுருவோம்."

"அத எதுக்குண்ணே கேக்கணும்? நீங்க வந்து கண்ணால பாருங்க."

"கண்ணு என்னத்தக் கண்டுச்சு? கேட்டுருவோம்."

டீக்கடைப் பந்தலில் ஊர் கூடியது. பிள்ளையை முக்காலியில் வைத்துச் சூடம் காட்டினார்கள். தாயி, வீட்டைக் காலி பண்ணவா என்று தவசி கேட்டார். பிள்ளை சூடத்தைப் பார்த்தது, வாயிலிருந்த விரலை எடுத்தது.

"பொறுங்க."

அத்தனை பேரும் மூச்சு விட்டார்கள். நனைந்த பானையையும் நனைந்த பாயையும் தூக்கிக்கொண்டு மழையில் எங்கும் போக வேண்டியதில்லை. அவர்களுக்கு வேண்டிய பதில் அதுதான். வேண்டிய பதிலை வேறு ஒரு வாய் சொல்லக் கேட்பதில் ஒரு சுகம் இருக்கிறது, அந்தச் சுகத்துக்குத்தான் இவ்வளவு நாள் சூடம் எரிந்தது.

இருளாயிக்குத் தாங்கவில்லை. "ஏய்யா, உங்களுக்குப் புத்தி இருக்கா? அதுக்குத் தெரிஞ்சது அந்த ஒரு வார்த்ததான். கோழியப் பாத்தாலும் அதத்தான் சொல்லும்!"

"பெத்த வாயில வர்ற பேச்சாடி இது?" என்று நாகம்மா கரண்டியை ஓங்கினாள்.

"சொல்லும்ங்கிறேன், பாக்குறீகளா?" பந்தலுக்குள் மேய்ந்துகொண்டிருந்த நாகம்மாவின் கோழிக்கு முன்னால் பிள்ளையைக் கொண்டுபோய்க் காட்டினாள். பிள்ளை குனிந்து கோழியைப் பார்த்து, "பொறுங்க" என்றது.

கோழி நின்றது. ஒரு காலைத் தூக்கியபடி, கழுத்தைச் சாய்த்து, அப்படியே நின்றது.

"கோழிக்குத் தெரியுதுடி தாயி மகிம, உனக்குத் தெரியல" என்றார் தவசி. பந்தல் முழுக்கச் சிரிப்பும் குலவையுமாக ஆனது. இருளாயி பிள்ளையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு மழையில் இறங்கினாள். இத்தனை மாசம் முதல் குடம் பிடித்துக்கொண்டு பேசாமல் இருந்த வாய், இன்றைக்கு மட்டும் உண்மை சொன்னால் யார் கேட்பார்கள்?

பதினான்காம் நாள் காலையில் மழை தூறலாக இருந்தது. இருளாயி மேலே ஏறிப் பார்த்தாள். வேப்பங்குச்சியைக் காணோம். கையை விட்டுப் பார்த்தாள், முழங்கை போனது, தோள்பட்டை வரை போனது. உள்ளே ஈரக்காற்று வந்தது. காது வைத்தபோது, பல்லைக் கடிப்பது மாதிரி ஒரு சத்தம் அடியில் கேட்டது.

ஓடிவந்து சோணையின் கட்டில் ஓரம் நின்றாள்.

"கை போகுதா?" என்றார்.

"தோளு வரைக்கும் போகுது."

"சத்தம்?"

"நறநறங்குது."

சோணை கூரையைப் பார்த்தார். "மத்தியானம் தாங்காது."

அவள் வெளியே ஓடி நாலு வீட்டுக் கதவைத் தட்டினாள். இவரை ரோடு வரைக்கும் தூக்கிவிட ரெண்டு ஆள் வாங்களேன் என்று கெஞ்சினாள், கட்டிலோடு தூக்கினால் போதும் என்றாள். ஒருத்தன் பல் விளக்கிக்கொண்டே, "தாயி பொறுக்கச் சொல்லிருக்குல்ல மதினி, மழ விடட்டும்" என்றான். இன்னொருத்தன் சிரித்தான். தவசி, "இன்னொருக்கா கேட்டுட்டு வேணா தூக்குவோம்" என்றார்.

திரும்பி வந்தாள். சோணையின் அக்குளில் கை கொடுத்து எழுப்பினாள். அவர் எலும்பும் தோலும்தான், ஆனாலும் ஆள் நெடியவர். கால் தரையில் நிற்கவில்லை. வாசல்வரை இழுத்தாள், அவருக்கு மூச்சு அடைத்தது, நீலமாகிவிட்டார். மறுபடி கட்டிலில் போட்டாள். இவரை இழுத்துக்கொண்டு ரோட்டுக்குப் போக ஒரு மணி நேரம் ஆகும், வழியிலேயே செத்துவிடுவார். இவரோடு இங்கேயே உட்கார்ந்தால் மூன்று பேரும் போவார்கள். பிள்ளையை எடுத்துக்கொண்டு சத்தமில்லாமல் போனால் பிள்ளை பிழைக்கும், பல் விளக்குகிறவனும் சிரித்தவனும் ஜல்லிக்கூடைப் பூமயிலும் இன்னும் நூற்றுச் சொச்சம் பேரும் தாயி சொன்னபடி பொறுத்துக்கொண்டு வீட்டுக்குள் இருப்பார்கள்.

யோசிக்க அவளுக்கு ஒரு பீடி நேரம்கூட இல்லை. தொட்டிலிலிருந்து பிள்ளையை எடுத்து இடுப்பில் வைத்தாள். இத்தனை பேர் எதற்காக வெளியே ஓடிவருவார்கள் என்று கண்ணுக்கு முன்னால் தெரிந்துவிட்டது. வேறு எதற்கும் வர மாட்டார்கள், அதற்கு வருவார்கள்.

"ஏங்க," என்றாள்.

சோணைக்கு அதைச் சொல்லவேண்டிய அவசியம் இல்லை. "அந்தச் செவப்புத் துணிய எடுத்து எங்கையில குடுத்துட்டுப் போ" என்றார். எடுத்துக் கொடுத்தாள். "நடுத்தெரு வழியா ஓடு. கத்திக்கிட்டே ஓடு."

அவள் நடுத்தெருவில் இறங்கி, நாற்பத்து மூன்று வீட்டுக்கும் கேட்கிற மாதிரி கத்தினாள். "நா எம்பிள்ளயக் கொண்டுட்டுப் போறேன்! இனி உங்களுக்குத் தாயி கெடையாது! எவளாச்சும் ஆம்பளயப் பெத்தவ இருந்தா வந்து புடிங்கடி!"

அவள் தோளுக்கு மேலே பின்னால் பார்த்துக்கொண்டிருந்த பிள்ளை, திறந்த வாசலில், கட்டிலில் சிவப்புத் துணியோடு கிடந்த அப்பனைப் பார்த்து, கையை நீட்டி, தொண்டை கிழியக் கத்தியது.

"பொறுங்க!"

சோணை பொறுத்திருந்தார்.

ஊர் எழுந்தது. தாயியைக் களவாண்டுட்டுப் போறாடி என்று ஒருத்தி குரல் போட, பல் விளக்கினவன் வாய் நுரையோடு வந்தான், நாகம்மா கரண்டியோடு வந்தாள், பூமயில் கூடையைப் போட்டுவிட்டு வந்தாள், பிள்ளைகள் வந்தார்கள், பிள்ளைகளைப் பிடிக்கக் கிழவிகள் வந்தார்கள், ஊன்றுகோலோடு ரெண்டு பேர் வந்தார்கள், கூட்டத்தைப் பார்த்து நாய்கள் வந்தன. உயிர் பிழைக்க ஓடச் சொன்னபோது ஓடாத கால்களெல்லாம், ஒரு பொம்பளையை அடிக்க ஓடின. சேற்றில் விழுந்து எழுந்து, கம்மாய்க்கரை தாண்டி, தார் ரோட்டு வளைவில், அன்றைக்கு ஆம்புலன்ஸ் நின்ற அதே இடத்தில், தவசி முதலில் எட்டி அவள் கூந்தலைப் பிடித்துச் சுருட்டி, முகத்தில் அறைந்தார். ரெண்டாவது அறைக்குக் கை ஓங்கும்போது பின்னால் சத்தம் கேட்டது.

வெடிச் சத்தம் அவர்களுக்குப் பழக்கம். இது அது இல்லை. ஒரு பெரிய மிருகம் உட்காருகிற மாதிரி, மெதுவாக, கனமாக ஓணாங்கரடு கீழே இறங்கி உட்கார்ந்தது. தூசி எழுந்து, தூறலில் நனைந்து, அடங்கியது. அடங்கிய பிறகு பார்த்தால் அங்கே தெருவும் இல்லை, குழாயும் இல்லை. தவசியின் கை இருளாயியின் கூந்தலிலேயே இருந்தது, விடத் தெரியாமல் ரொம்ப நேரம் பிடித்துக்கொண்டிருந்தார்.

மூன்று பேர் வரவில்லை. தவசியின் அம்மாவுக்குக் காது கேட்காது. மூக்கன் பெண்டாட்டி, இந்தக் கூத்தெல்லாம் நமக்கெதுக்கு என்று உலையை விட்டு எழாமல் இருந்தாள். இன்னொருவர் சோணை. நாலாம் நாள் மெஷின் தோண்டும்போது கல்லுக்கு நடுவில் சிவப்புத் துணி தெரிந்தது.

பள்ளிக்கூடத்தில் தங்கவைத்தார்கள். அங்கே பத்து நாளில் கதை ரெண்டாகப் பிரிந்தது. ஊரைக் காப்பாற்றத் தாயிதான் ஆத்தாளைத் தூக்கிக்கொண்டு ஓடவைத்தது என்று பாதிப் பேர் சொன்னார்கள். தாயி பொறுக்கச் சொல்லியும் பொறுக்காமல் ஓடினதால்தான் கரட்டுக்குக் கோபம் வந்து விழுந்தது, அந்த மூன்று உயிரும் இருளாயி தலையில்தான் என்று மீதிப் பேர் சொன்னார்கள். உனக்கு எப்படித் தெரிந்தது என்று மட்டும் அவளிடம் ஒருத்தரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால், கையை விட்டுப் பார்த்தேன் என்று சொல்லியிருப்பாள். பள்ளிக்கூடத்துக் குழாயில் அவளைக் கடைசியில் நிறுத்தினார்கள்.

பிள்ளை அன்றைக்கு வாசலைப் பார்த்துக் கத்தினதற்குப் பிறகு வாய் திறக்கவில்லை.

பதினைந்தாம் நாள் தவசி வந்தார், பின்னால் ஊரும் வந்தது. கன்னத்தில் காய்ந்த காயத்தோடு உட்கார்ந்திருந்த இருளாயியின் முகத்தைப் பார்க்காமல், தரையைப் பார்த்துச் சொன்னார்.

"காண்ட்ராக்டரு எடம் குடுக்குறான். வரையாட்டுக்கரட்டுக்கு அடியில. போகலாமா வேணாமான்னு... தாயிய ஒரு வார்த்த..."

இருளாயி இடுப்பில் செருகியிருந்த தீப்பெட்டியை எடுத்து அவர் கையில் வைத்தாள். "மேல ஏறிப் பாருங்க. விரிசல் இருந்தா சாட்சி வைங்க. மூணு நாள் வைங்க. அப்பறம் முடிவு பண்ணுங்க."

தவசி தீப்பெட்டியை ரெண்டு கையாலும் வாங்கினார். அவர் கண் கலங்கியது. அவருக்குப் புரிந்துவிட்டது என்று அவள் ஒரு நொடி நினைத்தாள்.

அவர் தீப்பெட்டியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, திரும்பி, பிள்ளையின் காலடியில் வைத்தார். சூடத்தை எடுத்தார். அந்தப் பெட்டியிலிருந்தே ஒரு குச்சியை எடுத்துக் கிழித்துப் பற்றவைத்தார்.

"தாயி, போகலாமா?"

ஊர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது. பிள்ளை சூடத்தைப் பார்த்தது, அத்தனை முகத்தையும் பார்த்தது, கதவுப் பக்கம் பார்த்தது, யாரையோ தேடுகிற மாதிரி ரொம்ப நேரம் பார்த்தது. பிறகு, பதினைந்து நாளில் முதல் தடவையாக, மெதுவாகச் சொன்னது.

"பொறுங்க."

குலவைச் சத்தத்தில் பள்ளிக்கூடத்து ஓடு அதிர்ந்தது. இருளாயி குனிந்து தீப்பெட்டியை எடுத்துத் திறந்து பார்த்தாள். முப்பத்தொரு குச்சி இருந்தது. பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, வரையாட்டுக்கரடு எந்தப் பக்கம் என்று ரோட்டில் போகிற ஒரு ஆளிடம் விசாரித்துக்கொண்டு, தனியாக நடந்தாள்.